27 அடிக்கு டில்லரா, 30 அடிக்கு வீலா? ஒன்ராறியோ ஏரியில் முதல் பாய்ப்படகு

புளஃபர்ஸ்கரை (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். இந்த சீசன் முடிய முன்னம் ஒரு படகு வாங்கிற யோசனை. ரெண்டு பார்த்து வைச்சிருக்கிறன். ஒண்டு சி அண்ட் சி 27, எழுபதுகளில ஒன்ராறியோவிலேயே கட்டினது, டில்லர் (சுக்கானை நேராத் திருப்பிற கோல்). மற்றது கட்டலினா 30, எண்பதுகளின்ர நடுவில கட்டினது, வீல் (கார் மாதிரிச் சுத்துற சக்கரம்). ரெண்டும் புளஃபர்ஸ் பார்க்கிலதான் நிக்குது. விலையில பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டின்ர எஞ்சினும் ஓடுது, பாயளும் இன்னும் சில வருசத்துக்குப் போதும். அதால முடிவு இப்ப சுக்கானைப் பிடிக்கிற விதத்தில வந்து நிக்குது.

எங்கட நிலைமை இதுதான். நான் கிளப் ரேஸில மற்றவையின்ர படகில கயிறு இழுத்துப் பழகினவன், கொஞ்சம் சுக்கானும் பிடிச்சிருக்கிறன். மனைவிக்கு வலது தோளில போன வருசம் ஒப்பரேஷன். பிள்ளையள் ரெண்டு பேர், 9 வயசும் 12 வயசும். மாமாவும் வர ஆசைப்படுறார், எழுபது தாண்டின ஆள். ஓடப்போறது ரொறன்ரோ தீவுகள், கோடையில நயாகரா-ஒன்-த-லேக், பிறகு ஒருநாள் கிங்ஸ்டன் பக்கம் தவுசண்ட் ஐலண்ட்ஸ்.

கிளப்பில கேட்டால் பாதிப் பேர் "டில்லர் இல்லாட்டி அது படகே இல்லை" எண்டினம். மற்றப் பாதி "குடும்பத்தோட போறதெண்டால் வீல்" எண்டினம். காரணத்தோட சொல்ல ஆரும் இருக்கினமோ?

---

மெரினா_காத்து (சென்னை)

சார், நான் டிங்கி (சின்னப் பாய்ப்படகு) ஆளு, அதனால என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்குங்க. இங்க துறைமுகத்துக்குள்ள பசங்களுக்கு ஆப்டிமிஸ்ட்ங்கிற குட்டிப் படகுல சொல்லிக் கொடுக்கிறோம். எட்டு வயசுப் பையனுக்குக் கூட டில்லர் வலப்பக்கம் தள்ளினா மூக்கு இடப்பக்கம் போகும்கிறது ரெண்டு மூணு வகுப்புல கைக்கு வந்துடும். உங்க பிள்ளைங்களைப் பத்தி அந்தக் கவலையே வேண்டாம். கார் ஓட்டிப் பழகின பெரியவங்களுக்குத்தான் நேரம் ஆகும். பழகின பிறகும் பதட்டத்துல பழைய பழக்கம் திரும்ப வரும், அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

டில்லர்ல தண்ணி நேரா கையில பேசும். பாய் சரியா இழுத்திருக்கா, படகு அதிகமா சாஞ்சிருக்கா, சுக்கான்ல பாசி சுத்தியிருக்கா, எல்லாமே உள்ளங்கைக்குத் தெரியும். நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ரெண்டு ஒலிம்பிக் போனது லேசர் வகைப் படகுல. ஒரு டில்லர், அதுல ஒரு நீட்டுக் கோல், அவ்வளவுதான் கருவி. 30 அடி கீல் படகுல (அடியில கனமான தகடு வச்சது) பாரம் வேற, அது தெரிஞ்சவங்க சொல்லட்டும். ஆனா பிள்ளைங்க பாய் ஓட்டக் கத்துக்கணும்னா டில்லர்ல கத்துக்கட்டும்.

---

கடல்மல்லி (மிசிசாகா)

நான் கட்டலினா 30 வச்சிருக்கேன், வீல். போர்ட் கிரெடிட்ல இருந்து ஓட்டறோம். எங்க வீட்ல பாதி நேரம் நான்தான் சுக்கான், அதனால அனுபவத்துல சொல்றேன்.

பாய் விரிக்கிற நேரத்தை மட்டும் யோசிக்காதீங்க. குடும்பத்தோட போறப்ப பாதி நேரம் எஞ்சின்லதான் போவீங்க, ஒன்ராறியோ ஏரியில ஜூலை மாசக் காத்து அப்படி. டாக்குக்குள்ள ரிவர்ஸ் எடுக்கும்போது டில்லர் எப்படி நடந்துக்கும்னு யாராவது சொன்னாங்களா? படகு பின்னால போகும்போது தண்ணி சுக்கானோட பின் ஓரத்துல மோதி, அதை ஒரேயடியா ஒரு பக்கம் தள்ளிடும். கையில அழுத்திப் பிடிக்கலைன்னா கோல் போய் விலாவுல அடிக்கும். தோள்ல ஆபரேஷன் ஆனவங்க கையில அந்த இழுப்பு விழுந்தா என்ன ஆகும்? வீல்ல அந்த அடி கேபிள்லயும் கப்பியிலயும் பாதி கரைஞ்சிடும். மீதிக்கு பிரேக் இருக்கு.

இன்னொண்ணு, உக்கார்ற இடம். டில்லர் நாலடிக்கு மேல நீண்டு, உக்கார்ற பள்ளமான காக்பிட்டைப் பெருக்கிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உங்க மாமா முட்டியை ஒதுக்கணும். வீல் வச்ச படகுல வந்தவங்க உக்காந்த இடத்துலயே இருக்கலாம்.

---

சுக்கான்கட்டை (ரொறன்ரோ)

தம்பி, நான் இந்த ஏரிக்கரையில படகுகளின்ர சுக்கான் வேலை கனகாலமாச் செய்யிறன். ரெண்டு வகையும் கழட்டிப் பூட்டுறதுதான் தொழில். மல்லி சொன்ன ரிவர்ஸ் விஷயம் முழுக்க உண்மை. ஆனால் அது வேகத்தோட வாற பிரச்சினை. பின்னுக்குப் போகேக்க ஒரு நொட்டுக்கு (மணிக்கு 1.85 கி.மீ.) கீழ வைச்சு, கோலை நடுவில ரெண்டு கையாலும் பிடிச்சால் ஒண்டும் நடக்காது. அவசரப்படுறவைக்குத்தான் அடி.

பாரத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுறன். கன பேருக்கு வீல் எண்டால் பல மடங்கு லேசு எண்ட நினைப்பு. 30 அங்குல வீல் எண்டு வைப்பம், அரைவிட்டம் 15. வீல் நிக்கிற தூணான பெடஸ்டலுக்குள்ள சங்கிலி ஓடுற பல்சக்கரத்தின்ர அரைவிட்டம் 2 அங்குலம். சுக்கான் தண்டில பூட்டின குவாட்ரன்ட், அதாவது கேபிள் இழுக்கிற கால்வட்டத் தகடு, அரைவிட்டம் 10 அங்குலம். 15ஐ 2ஆல் பிரிச்சு 10ஆல் பெருக்கினால் 75. அதாவது 75 அங்குல நீளக் கோலைப் பிடிச்ச பலம். உங்கட சி அண்ட் சியில டில்லர் சுமார் 48 அங்குலம் எண்டால், வித்தியாசம் ஒண்டரை மடங்குதான். அதிலயும் கேபிள், கப்பி, சங்கிலி எல்லாம் உரசித் தங்கட பங்கை எடுத்துக்கொள்ளும். கப்பி பிடிச்சுப்போன பழைய படகில வீல் டில்லரை விடப் பாரமா இருக்கிறதை என்ர கையால பார்த்திருக்கிறன். ஆனபடியால் தோளுக்காக வீல் வாங்கப் போறீங்கள் எண்டால் அந்தக் குறிப்பிட்ட வீலைச் சுத்திப் பார்த்திட்டு வாங்குங்கோ.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வாறது. டில்லருக்கும் சுக்கானுக்கும் இடையில இருக்கிறது ஒரு தலைப்பூட்டும் ரெண்டு ஆணியும். உடைஞ்சால் கண்ணால தெரியும், ஒரு மரக்கட்டையும் கயிறும் இருந்தால் கரைக்கு வந்து சேரலாம். வீலுக்கும் சுக்கானுக்கும் இடையில சங்கிலி, கம்பிக் கேபிள், குறைஞ்சது நாலு கப்பி, இறுக்கிற கண்ஆணியள், குவாட்ரன்ட், அதைத் தண்டோட பிடிக்கிற சாவி. முழுக்க காக்பிட் தரைக்குக் கீழ, ஒருத்தரும் தவண்டு போய்ப் பார்க்காத இடத்தில. இந்தியக் கடற்படையின்ர தாரிணி 2018இல பெண்கள் மட்டும் உலகத்தைச் சுத்தி வந்தது தெரியும்தானே. 56 அடி, நல்லாப் பராமரிச்ச படகு. அதுக்கே கடைசிக் கட்டத்தில சுக்கான் திருப்பிற பொறி பழுதாகி மொரிஷியஸ் போர்ட் லூயிஸில நிக்க வேண்டி வந்தது. 56 அடிக்கு வேற வழி இல்லை. 27 அடிக்கு இருக்கு.

---

மெரினா_காத்து (சென்னை)

தாரிணின்னதும் ஒண்ணு சொல்லிக்கிறேன். 2024 அக்டோபர்ல கிளம்பி 2025 மே மாசம் கோவா திரும்பின ரெண்டாவது சுத்து, அதுல ரெண்டே பேரு. தில்னா, அப்புறம் நம்ம புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. அதே படகு.

---

புளஃபர்ஸ்கரை (ஸ்காபரோ)

அண்ணை, அந்தக் கணக்கு நல்லா விளங்கிச்சுது. ஒரு சந்தேகம். சி அண்ட் சியை ஓட்டிப் பார்த்த ஒருத்தர், காத்து ஏறினால் டில்லர் கையைப் பிடுங்கும், 15 நொட்டுக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிக்கேலாது எண்டார். அது அந்தப் படகின்ர குணமோ, ஓட்டினவரின்ர பிழையோ?

---

லங்கரம் (சவுத்தாம்ப்டன்)

அந்த இழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பாய்தான். படகு காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பப் பார்க்கும், அதைத் தடுக்க நீங்கள் கோலைக் காற்றுப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நாலைந்து பாகை வரை அந்த இழுப்பு இருப்பது நல்லது. கை நழுவினால் படகு தானாகக் காற்றுக்குள் திரும்பி நிற்கும், அது பாதுகாப்பு. பத்துப் பாகையைத் தாண்டினால் சுக்கான் ஒரு தடுப்புப் பலகை ஆகிவிடுகிறது. வேகமும் போகும், கையும் ஓயும்.

படகு சாயச் சாய இது கூடும். சாய்ந்த படகில் பாயின் இழுவிசை உடலுக்கு வெளியே, தண்ணீரின் மேல் போய்விடுகிறது, அதுதான் மூக்கைத் திருப்புகிறது. எனவே பலமாகப் பிடிக்கப் பார்க்காமல் சாய்வைக் குறையுங்கள். பெரிய பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவலரைக் கீழே (காற்று போகும் பக்கம்) விடுங்கள், பெரிய பாயின் அடியைத் தட்டையாக இழுங்கள், போதாவிட்டால் ஒரு ரீஃப் போட்டுப் பாயைச் சிறிதாக்குங்கள். பழைய பை போலத் தொய்ந்த மெயின் பாய் என்றால் எந்தச் சுக்கானும் கனக்கும்.

இந்த இடத்தில்தான் நான் டில்லர் பக்கம் நிற்கிறேன். அதே தவறு வீலிலும் நடக்கும், ஆனால் கைக்குத் தெரியாது. பிரேக்கைச் சற்று இறுக்கிவிட்டு எட்டுப் பாகை சுக்கானோடு மணிக்கணக்காக இழுபட்டுக்கொண்டு போகிறவர்களை எங்கள் சோலெண்ட் நீரிணையில் வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்குப் படகு ஏன் மெதுவாகப் போகிறது என்றே தெரியாது.

டில்லர் சின்ன ஏரிக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் அடித்த புயலில் மிகச் சிறிய பிரிவில் ஓடி முடித்த ஒரே படகு அஸென்ட், அது கண்டெஸா 32. அந்த வகை டில்லரில் ஓடுவது, எடையில் உங்கள் கட்டலினாவுக்கு அருகில் வரும். அதன் தங்கை கண்டெஸா 26ஐ உங்கள் ரொறன்ரோவிலேயே ஜே. ஜே. டெய்லர் பட்டறையில் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். தானியா ஏபி 1985இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987இல் உலகைச் சுற்றித் திரும்பியது ஒரு கண்டெஸா 26இல்.

---

கடல்மல்லி (மிசிசாகா)

லங்கரம் சார், அவங்க உலகம் சுத்தப் போகலை, நயாகராவுக்குப் போறாங்க. புயல்ல தப்பிச்ச படகை எல்லாம் கொண்டு வந்தா பேச்சு வேற பக்கம் போயிடும். சனிக்கிழமை மத்தியானம் பதினஞ்சு நொட் காத்துல, மாமா ஒரு பக்கம், ரெண்டு பிள்ளைங்க ஒரு பக்கம், சாப்பாட்டுப் பை நடுவுல. அந்தப் படகைப் பத்திப் பேசுங்க.

இந்த ஏரியோட அலையையும் சேர்த்துக்குங்க. 311 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா ரொறன்ரோ முனையில வந்து குவியற அலை குட்டையா, செங்குத்தா, நெருக்கமா வரும். பின்பக்கத்துல அப்படி அலை தூக்கும்போது மணிக்கணக்கா கோலைத் தள்ளி இழுத்துட்டிருந்தா நல்ல தோளே நோகும்.

---

சுக்கான்கட்டை (ரொறன்ரோ)

மல்லி, பின்னலை விஷயத்தில நீங்கள் சொல்லுறது சரி. அந்த ஓட்டத்தில வீல் களைப்பைக் குறைக்கும், மறுக்கேலாது. ஆனால் தோளுக்கு எது நல்லது எண்டதை நான் வேற மாதிரிப் பார்க்கிறன். வீலைப் பிடிக்கிற ஆள் கையை முன்னால தூக்கி, வட்டமாத் திருப்ப வேணும். அது தோள்மூட்டுக்கு வேலை. டில்லரை இடுப்பளவில வைச்சு, முழங்கையை உடம்போட ஒட்டி, உடம்பின்ர பாரத்தால சாய்ஞ்சு இழுக்கலாம். நிண்டுகொண்டு தொடையால தள்ளலாம். இடக்கையால பிடிக்கிற பக்கம் இருந்தால் வலது தோளுக்கு வேலையே இல்லை. தங்கச்சியின்ர பிசியோவிட்ட ரெண்டு அசைவையும் செய்து காட்டி எது நோகுது எண்டு கேக்கச் சொல்லுங்கோ. வீல்தான் லேசு எண்டு வந்தால் வீலை எடுங்கோ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.

இடவசதிக்கும் ஒரு மறுபக்கம் இருக்கு. ஓடேக்க டில்லர் இடம் பிடிக்கும், உண்மை. நங்கூரம் போட்ட பிறகு அதை மேல மடக்கிக் கட்டினால் காக்பிட் முழுக்க உங்களுக்கு. பெடஸ்டல் எங்கயும் போகாது, சாப்பிடேக்கயும் நடுவில நிக்கும். தவுசண்ட் ஐலண்ட்ஸில பாதி நாள் நங்கூரத்திலதான் இருப்பீங்கள்.

---

புளஃபர்ஸ்கரை (ஸ்காபரோ)

ஆட்டோபைலட் பற்றியும் சொல்லுங்கோ. நயாகரா போக ஏழு எட்டு மணித்தியாலம், முழுக்கக் கையில பிடிக்கேலாது.

---

லங்கரம் (சவுத்தாம்ப்டன்)

டில்லர் படகுக்கு ரேமரின் எஸ்டி1000, எஸ்டி2000 மாதிரி ஒற்றைத் தண்டுக் கருவி போதும். கோலில் ஓர் ஆணி, பக்க இருக்கையில் ஒரு குழி, ஒரு மின் இணைப்பு, வேலை முடிந்தது. சுக்கான் தண்டின் மையத்திலிருந்து ஆணி 460 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இந்த அளவை மட்டும் மாற்றாதீர்கள். 1000க்கு 3,000 கிலோ வரை, 2000க்கு 4,500 கிலோ வரை என்பது தயாரிப்பாளர் கணக்கு. சி அண்ட் சி 27 சுமார் 2,500 கிலோ என்றாலும் தண்ணீர், ஆட்கள், சாமான் எல்லாம் ஏறினால் 3,000ஐத் தொடும், ஆகவே 2000ஐயே எடுங்கள். கட்டலினா 30 வெறுமையாகவே 4,600 கிலோவைத் தாண்டும். அதற்கு வீலில் பொருத்தும் கருவி வேண்டும், விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

பின்னாளில் கடலுக்குப் போகும் எண்ணம் வந்தால் காற்றுத்தகடு வைத்துத் தானாகத் திருப்பும் கருவியும் டில்லரோடுதான் இலகுவாகச் சேரும். 1960இல் முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டிக்கு பிளாண்டி ஹேஸ்லர் ஜெஸ்டர் படகில் வைத்த யோசனையின் வழி வந்தவை அவை. கோலுக்கு இரண்டு கயிறு கட்டினால் போதும், வீலுக்கு உருளை ஒன்று தனியாக மாட்ட வேண்டும்.

---

மெரினா_காத்து (சென்னை)

ஆட்டோபைலட் இல்லாமலும் ஒரு வழி இருக்கு. ஜிப் ஷீட்டை (முன்பாயை இழுக்கிற கயிறு) காத்துப் பக்கம் ஒரு கப்பி வழியா கொண்டு வந்து டில்லர்ல கட்டி, எதிர்ப்பக்கம் ரப்பர் கயிறு. காத்து ஏறினா ஷீட் இழுக்கும், இறங்கினா ரப்பர் இழுக்கும். சின்ன கீல் படகுல இது அருமையா வேலை செய்யும். பசங்களுக்கு இதைக் கட்டிக் காட்டுங்க, பாய்க்கும் சுக்கானுக்கும் என்ன உறவுன்னு ஒரே நாள்ல புரிஞ்சிடும்.

---

புளஃபர்ஸ்கரை (ஸ்காபரோ)

ரெண்டு படகும் ஓட்டிப் பார்த்தாச்சு. மனைவியும் வந்தவா. அவதான் கூட நேரம் பிடிச்சவா.

முதல்ல கட்டலினா. டாக்கில இருந்து வெளியில எடுத்தது சுகம், மல்லி அக்கா சொன்ன மாதிரியே. பாய் விரிச்ச பிறகு வீல் ஒவ்வொரு சுத்திலயும் ஒரே இடத்தில கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சு விட்டது. நடுவில ஒரு விரல்கடை தளர்வும் இருந்தது. வீலைத் திருப்பினாலும் அந்தத் தளர்வு முடியும் மட்டும் சுக்கான் அசையேல்லை. விக்கிறவர் "எல்லா வீலும் இப்பிடித்தான்" எண்டார்.

பிறகு சி அண்ட் சி. தென்மேல் காத்து, 16, 17 நொட் வந்துபோய்க்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிசம் கோல் நல்லா இழுத்துது, மனைவி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்தா. லங்கரம் சொன்னது ஞாபகம் வந்து டிராவலரை ஒரு சாண் அளவுக்குக் கீழ விட்டன். படகு நிமிர்ந்தது. அவ உடன வலக்கையை எடுத்திட்டா. பிறகு இடக்கையின்ர ரெண்டு விரலால பிடிச்சுக்கொண்டு வந்தவா. வேகம் காட்டுற கருவியில எண் ஏறினது. தோள் நோகுதோ எண்டு கேட்டன், இல்லை எண்டா. சின்னவள் நீட்டுக் கோலைப் பிடிச்சு மேல் பக்கம் ஏறி இருந்து ஜிப்பில ஒட்டின நூலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள், இறங்க மாட்டன் எண்டு நிண்டவள்.

ரிவர்ஸும் எடுத்துப் பார்த்தன், மெதுவா. இழுப்பு இருக்கு, ஆனால் பிடிக்கலாம். டாக்குக்கு வாறதை நானே செய்யிறதெண்டு முடிவு.

எங்களுக்கு சி அண்ட் சிதான் பிடிச்சிருக்கு. மல்லி அக்கா குறை நினைக்கக் கூடாது.

---

கடல்மல்லி (மிசிசாகா)

இதுல குறை நினைக்க என்ன இருக்கு தம்பி. உங்க மனைவி கையில சரியா உக்காந்தா அதுதான் படகு. ஆனா நீங்க பார்த்த அந்த வீல் உடம்பு சரியில்லாத வீல். நல்லா வச்சிருக்கிற கட்டலினா அப்படி இருக்காது. அதை வச்சு வீலே இப்படித்தான்னு யாரும் நினைச்சுடாதீங்க. இதைப் படிக்கிற வேற குடும்பம் இருக்கும், அவங்களுக்காகச் சொல்றேன். நான் இன்னிக்கும் வீல்தான் எடுப்பேன். மாமாவுக்கு மட்டும் முன்பக்கம், படிக்கட்டுக்கு ஒட்டின இடத்தைக் கொடுங்க, அங்க கோல் எட்டாது.

---

சுக்கான்கட்டை (ரொறன்ரோ)

மல்லி சொல்லுறது நியாயம். அந்தக் கட்டலினாவில ஒரே இடத்தில பிடிச்சது சங்கிலியில ஒரு கண்ணி இறுகினதா இருக்கும், இல்லாட்டி பல்சக்கரத்தின்ர பேரிங். தளர்வு கேபிள் நீண்டதால. ரெண்டும் திருத்தக்கூடியது. "எல்லா வீலும் இப்பிடித்தான்" எண்டது சரியான பேச்சில்லை. ஆரும் வீல் படகு பார்க்கப் போறதெண்டால் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் கொண்டு போங்கோ. பின்பக்க லொக்கருக்குள்ள இறங்கி, கேபிள் கப்பியில வளையிற இடத்தில பேப்பரைச் சுத்திப் பிடிச்சு மெதுவா இழுங்கோ. வெறுங்கையால தடவாதேங்கோ, கிழிக்கும். ஒரு கம்பி இழை அறுந்திருந்தாலும் பேப்பரின்ர நார் அதில மாட்டி நிக்கும். மாட்டினால் கேபிள் மாத்த வேணும், அதில விலைபேச்சு இல்லை. பிறகு அவசரத்துக்கு வைச்சிருக்கிற சின்ன டில்லர் எங்க எண்டு கேளுங்கோ. அதை எடுத்துத் தண்டில பூட்டித் திருப்பிப் பாருங்கோ. கன படகில அது பெடஸ்டலில முட்டும், பாதித் தூரம்கூடத் திரும்பாது.

தம்பி, உங்கட சி அண்ட் சிக்கு வாறன். காசு குடுக்க முன்னம் படகைத் தண்ணியால தூக்கச் சொல்லுங்கோ. ஒருத்தர் டில்லரை அசையாமல் பிடிக்க, நீங்கள் கீழ நிண்டு சுக்கான் அலகின்ர அடியைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டுங்கோ. தண்டு புஷ்ஷில (தண்டைப் பிடிக்கிற வளையம்) ஆடினால் புஷ் தேய்ஞ்சு போச்சு. தண்டு ஆடாமல் அலகு மட்டும் ஆடினால் உள்ளுக்கு இருக்கிற இரும்புச் சட்டம் விட்டிட்டுது, அது பெரிய வேலை, அந்தப் படகை விட்டிடுங்கோ. அலகின்ர அடியில தண்ணி கசியுதோ எண்டும் பாருங்கோ. இந்த ஊர்க் குளிரில உள்ள போன தண்ணி உறைஞ்சு விரிஞ்சு அலகை ரெண்டாப் பிளக்கும். ஒக்டோபரில படகு கரை ஏறினதும் அடியில ஒரு சின்னத் துளை போட்டு வடிய விட்டு, வசந்தத்தில எப்பொக்ஸியால அடைக்கிறது இங்க வழக்கம்.

மரக் கோல் என்ன மாதிரி இருக்கு? பட்டை பட்டையா ஒட்டின மரம் எண்டால், தலைப்பூட்டுக்குள்ள போற முனையைக் கழட்டிப் பார்க்க வேணும். வார்னிஷ் பளபளப்பா இருக்கும், ஆணித் துளைக்குள்ள உக்கியிருக்கும்.

---

புளஃபர்ஸ்கரை (ஸ்காபரோ)

கழட்டிப் பார்த்தன் அண்ணை. முனை நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஆணித் துளை நீளவாக்கில கொஞ்சம் பெருத்திருக்கு. வியாழக்கிழமை படகைத் தூக்கப் போகினம். நீங்கள் வர ஏலுமோ?

---

சுக்கான்கட்டை (ரொறன்ரோ)

வியாழன் பின்னேரம் வாறன். துளைக்கு எப்பொக்ஸி நிரப்பித் திரும்பத் துளைச்சால் காணும், கோல் மாத்தத் தேவையில்லை. அலகை நான் வந்த பிறகு ஆட்டிப் பார்ப்பம், அதுவரைக்கும் காசு குடுக்காதேங்கோ.